கோலமாவும் குட்டி விரல்களும்

டிசம்பர் 17, 2024, செவ்வாய்

நேற்று மார்கழி பிறந்தது. இன்று அங்கன்வாடி வாசலில் தண்ணீர் தெளித்து, பிள்ளைகளிடமே மாவைக் கொடுத்துவிட்டேன். கல்மாவு வேண்டாம், கண்ணிலும் வாயிலும் போகும். கொரகொரப்பாக அரைத்த பச்சரிசி மாவுதான். மூன்று வயதுக்காரர்கள் கைநிறைய அள்ளித் தூவினார்கள். தோளும் முழங்கையும் முதலில் பழகட்டும். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு மூன்று வரிசைப் புள்ளி. ஒரு சிறுமி கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே மாவை எடுத்து, நடுவிரலை அடியில் முட்டுக் கொடுத்தாள். இறுக்கினால் மாவு இறங்காது, தளர்த்தினால் கொட்டிவிடும். நாலைந்து புள்ளிக்குள் அவளுக்கு அந்தப் பதம் பிடிபட்டுவிட்டது. பென்சில் பிடிக்கவும் இதே மூன்று விரல்கள்தான்.

டிசம்பர் 19, வியாழன்

"கோலம் போடவா அனுப்புகிறோம் டீச்சர்? பக்கத்து வீட்டுப் பிள்ளை நூறு வரை எழுதுகிறதே" என்று ஒரு தாய் கேட்டார். அவர் கவலை புரிகிறது. அவருடைய நான்கு வயது மகனின் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினேன். உள்ளே இருக்கவேண்டிய 8 சிற்றெலும்புகளில் பல இப்போது வெறும் குருத்தெலும்புதான். இந்தக் கையைப் பக்கம் பக்கமாக எழுத வைத்தால் பிள்ளைக்கு எழுத்தே கசந்துபோகும்.

ஜனவரி 3, வெள்ளி

பல்லாங்குழி. 14 குழிகள், புளியங்கொட்டை. பெரிய பிள்ளைகளுக்கு மட்டும். சின்னவர்கள் மூக்கில் போட்டுக்கொள்வார்கள். ஆட்ட விதிகளை நான் வற்புறுத்துவதில்லை. உள்ளங்கையில் இருப்பதை ஒவ்வொன்றாக விரல் நுனிக்கு நகர்த்திப் போடவேண்டும், மறுகை உதவக்கூடாது. அவ்வளவுதான் விதி.

ஜனவரி 9, வியாழன்

ஒரு பாட்டி பனையோலையோடு வந்தார். காற்றாடி மடிக்க ஒரு கை ஓலையை அழுத்திப் பிடிக்க, மறுகை செருகவேண்டும். முள் குத்துவதை மட்டும் பாட்டி பார்த்துக்கொண்டார். இடது கையால் செருகிய பையனை அவர் தடுக்கப் போனார். "விடுங்கள் பாட்டி, அவனுக்கு அந்தக் கைதான் வாகு" என்றேன். திங்கட்கிழமை போகி. வீட்டில் மேளம் வாங்கியவர்களை நாளையே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்; இரண்டு குச்சிகளால் மாற்றி மாற்றி அடிக்கவேண்டும்.