கச்சான் காலத்தில் அடைமுட்டை

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் பகலில் 34, 35 பாகை செல்சியஸ். குஞ்சு பொரிக்க அடைக்கு எடுத்து வைத்த கோழிமுட்டை அந்தச் சூட்டில் சும்மா கிடக்காது. ஏறத்தாழ 21 பாகையைத் தாண்டினாலே கரு மெல்ல அசையத் தொடங்கும். ஒழுங்காக வளர 37.5 வேணும். இடையில் கிடந்து நலிந்து செத்துப்போகும். அடைவைத்த ஏழாம் நாள் டோர்ச் அடித்துப் பார்க்கையில் நரம்பில்லாமல் சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் சேவலைக் குறை சொல்லாதீங்க. கரு பிடித்துத்தான் செத்திருக்கு.

அடைவைக்கும் வரை முட்டையை வைத்திருக்கச் சரியான இடம் 15 முதல் 18 பாகை. பிரிட்ஜ் 4 பாகை, அது கூடாது.

இரண்டு மண்பானை போதும். பெரியதுக்குள் சின்னதை வைத்து, இடைவெளியில் ஆற்றுமணல் நிரப்பி, காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணீர் ஊற்றுங்க. நிழலில், காற்றுப் படுகிற பக்கம் வையுங்க. கச்சான் காய்ந்த காற்று என்பதால் பானை நன்றாகக் குளிரும். மாரியில் இந்த வேலை எடுபடாது. உள்ளே காய்ந்த வைக்கோல், அதன் மேல் முட்டை, அகன்ற பக்கம் மேலே. பானைக்குள் 18 பாகைக்கு இறங்காது, அதனால் மூன்று நாலு நாளுக்கு மேல் வைக்காதீங்க.

ஒரு நாளைக்கு மூன்று தரமாவது முட்டை பொறுக்குங்க. கழுவவே வேண்டாம், ஓட்டின் மேல் மெல்லிய பூச்சுப் போய்விடும். குளிரிலிருந்து எடுத்ததை உடனே குஞ்சு பொரிக்கிற மெஷினுக்குள் வைத்தால் ஓடு வேர்க்கும், அந்த ஈரத்தோடு கிருமி உள்ளே இறங்கும். ஆறு மணித்தியாலம் வெளியில் வைத்து, குளிர் போகவிட்டு, ஓடு காய்ந்த பிறகு வையுங்க.