"உன்னைப் பற்றிச் சொல்" என்றதும் என்ன சொல்வது? டிஎஸ்ஏ நேர்காணலுக்குப் பிள்ளைகளைப் பழக்கிய அனுபவம்

தொடக்கநிலை 6 படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் மே மாதம் பிறந்துவிட்டால் டிஎஸ்ஏ பேச்சுதான். டிஎஸ்ஏ என்றால் நேரடிப் பள்ளிச் சேர்க்கை: தொடக்கநிலை இறுதித் தேர்வின் (பிஎஸ்எல்இ) முடிவு வருவதற்கு முன்பே, பிள்ளையின் திறனைப் பார்த்து உயர்நிலைப் பள்ளிகள் இடம் கொடுக்கும் முறை. சிங்கப்பூரில் இது 2004ல் வந்தது. 2019 முதல் கல்வி அமைச்சின் இணையவாசலில், பெற்றோரின் சிங்பாஸ் மின்னடையாளத்தை வைத்து, ஒரே படிவத்தில், கட்டணமில்லாமல் விண்ணப்பிக்கலாம். மொத்தம் 3 விருப்பங்கள். வெவ்வேறு திறன்களுக்காக என்றால் அவற்றில் 2 விருப்பங்களை ஒரே பள்ளிக்குக் கொடுக்கலாம். படிவ வேலை ஒரு மாலையில் முடிந்துவிடும். பிள்ளைகள் திணறுவது அதற்கப்புறம்தான். திடலில் ஆடிக் காட்டச் சொன்னால் அசராமல் ஆடும் பிள்ளை, எதிரே உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் "உன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்" என்றதும் பெயரையும் வயதையும் சொல்லிவிட்டு நின்றுவிடும்.

நேர்காணலுக்குப் போகிற தமிழ்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசிப் பழக்குவது எங்களில் சில பெற்றோர் செய்துவரும் வேலை. அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எழுதுகிறோம்.

முதல் வேலை, அனுப்பிய படிவத்தை அச்செடுத்துப் பிள்ளையின் கையில் கொடுப்பது. பல வீடுகளில் படிவத்தை நிரப்புவது அப்பாவோ அம்மாவோதான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பிள்ளைக்கே தெரியாது. கேள்வி கேட்பவர்கள் கையில் இருப்பதோ அந்தப் படிவமும் பள்ளியிலிருந்து போன மதிப்பெண், இணைப்பாட நடவடிக்கை விவரங்களும்தான். "வாசிப்பதில் மிகுந்த ஆர்வம்" என்று ஒரு வரி இருந்தால், "கடைசியாக என்ன படித்தாய்?" என்ற கேள்வி நிச்சயம். ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு, "இதைப் பற்றி ஒரு நிமிடம் பேசு" என்று சொல்லிப் பாருங்கள். எந்த வரியில் பிள்ளை மேலே பார்க்கிறதோ அங்கேதான் வேலை இருக்கிறது. இன்னும் அனுப்பவில்லை என்றால் அந்த வரியை எடுத்துவிடுவது நல்லது.

அறிமுகத்துக்கு 45 வினாடியிலிருந்து ஒரு நிமிடம் போதும். அப்பா என்ன வேலை, தம்பி எந்த வகுப்பு, எந்த பேட்டையில் வீடு என்று ஆரம்பித்தால் நேரம் அதிலேயே போய்விடும். பெயர், தான் செய்கிற ஒரு காரியம், அதில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு விவரம், இந்தப் பள்ளிக்கு வந்ததன் காரணம். இந்த வரிசையில் சொன்னால் அடுத்த கேள்வி எங்கிருந்து வரும் என்பதைப் பிள்ளையே ஓரளவு தீர்மானிக்கிறது. இது சின்ன விஷயமில்லை. பத்துப் பதினைந்து நிமிட நேர்காணலில் பாதி நேரம் தனக்குத் தெரிந்த இடத்திலேயே பேச்சு சுற்றும்.

மிருதங்கம் வாசிக்கும் ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். "மிருதங்கம் பிடிக்கும், ஆறு வருடமாகக் கற்கிறேன்" என்கிறான். ஏன் பிடிக்கும் என்றால், "மனதுக்கு மகிழ்ச்சி தருகிறது." அதோடு கதவு மூடிவிட்டது. மகிழ்ச்சிக்கு மேல் யாரும் என்ன கேட்க முடியும்? நாங்கள் அப்போது கேட்பது வேறு: பையிலிருந்து மிருதங்கத்தை வெளியே எடுத்ததும் உன் கை முதலில் என்ன செய்யும்? உடனே வரும் பதில்: ரவையில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து இடது பக்கத் தோலின் நடுவில் அப்புவேன். எதற்கு? கனம் கூடினால் தோல் மெதுவாக அதிரும், சத்தம் இறங்கி 'தொம்' என்று வரும். அதிகமாக அப்பிவிட்டால்? சத்தம் அமுங்கிவிடும், கொஞ்சம் கிள்ளி எடுக்க வேண்டும். வாசித்து முடித்ததும்? சுரண்டித் துடைத்துவிட வேண்டும். ஏர்கான் மண்டபத்துக்குள் போனால்? சுருதி மாறிவிடும், கல்லால் தட்டித் திரும்பச் சேர்க்க வேண்டும். இவ்வளவையும் அந்தப் பையன் தன் வாயால்தான் சொல்கிறான். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மிருதங்கத்தைக் கண்ணால் பார்த்திராத ஆசிரியருக்குக்கூட இதில் கேட்க நாலு கேள்வி கிடைக்கும்.

இப்படி மூன்று படி இறங்குவதுதான் எங்கள் முறை. என்ன செய்கிறாய், எப்படிச் செய்கிறாய், எங்கே தப்பாகும். மூன்றாவது படி மிக முக்கியம். ஒரு காரியத்தில் உண்மையாகவே ஈடுபட்டவருக்குத்தான் அது எங்கே தப்பாகும் என்று தெரியும். பூப்பந்து, இயந்திர மனிதவியல், ஓவியம், பரதம், சமையல் எதுவாக இருந்தாலும் இதே மூன்று படிதான்.

இந்தப் பேச்சை முதலில் தமிழில் பேச விடுங்கள். நேர்காணல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் என்பதால் பெற்றோர் நேராக ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறார்கள். வீட்டில் தமிழ் புழங்கும் பிள்ளைக்கு ரவை, சுருதி, அடவு எல்லாம் தமிழில்தான் மனதில் இருக்கும். ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் தெரிந்த சொற்களுக்குள் விஷயத்தைச் சுருக்கிவிடும். தமிழில் ஒருமுறை முழுதாகச் சொன்னபின் அதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் விவரம் உதிராமல் வரும். சிலம்பம், அரங்கேற்றம் போன்ற சொற்களை அப்படியே சொல்லி, தமிழ் தெரியாதவருக்குப் புரிகிற மாதிரி ஒரே வாக்கியத்தில் விளக்கவும் பழக வேண்டும். ஆகஸ்ட்டில் வரும் பிஎஸ்எல்இ தமிழ் வாய்மொழித் தேர்விலும் 50 மதிப்பெண்ணில் 30 உரையாடலுக்குத்தான். அங்கேயும் "உன் அனுபவம் என்ன?" என்று கேட்பார்கள். இந்தப் பயிற்சி அதற்கும் உதவும்.

மனப்பாடம் செய்துகொண்டு வரும் பிள்ளைகளைப் பார்த்தால் மனம் வருந்துகிறது. ஒரு பக்கத்துக்கு எழுதி, இரவெல்லாம் உருப்போட்டு, முதல் கேள்விக்கு மடமடவென்று ஒப்பித்துவிடும். கேட்பவர் குறுக்கே ஒரு சின்னக் கேள்வி போட்டால் எங்கே விட்டோம் என்று தேடிக்கொண்டு நிற்கும். விஷயம் தெரியாமல் இல்லை. சொற்களின் வரிசை மட்டும்தான் கைவிட்டுப் போனது. அதனால் வாக்கியமே எழுத வேண்டாம். ஒரு அட்டையில் ஐந்தாறு சொற்கள் போதும். ஒவ்வொரு தடவையும் வேறொரு சொல்லிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். கேள்வியையும் மாற்றிக் கேளுங்கள்: பொழுதுபோக்கு என்ன, சனிக்கிழமை காலையில் எங்கே இருப்பாய், போன வாரம் எதற்காவது நேரம் போனதே தெரியாமல் இருந்தாயா? மூன்றுக்கும் பதில் ஒன்றுதான், ஆனால் அது பிள்ளைக்கு முதலில் புரியாது. கேட்பவரையும் மாற்றுங்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி, மாமா, மேல்மாடி அங்கிள் என்று யாராவது கேட்டால் கூச்சம் சீக்கிரம் விலகும். நாளுக்கு 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கைப்பேசியில் பதிவு செய்து பிள்ளையையே கேட்கவிட்டால், எங்கே குரல் தேய்கிறது என்று அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும்.

நம் வீடுகளுக்கே உரிய சில சிக்கல்கள் உண்டு. தற்பெருமை பேசாதே என்று சொல்லி வளர்த்த பிள்ளையைத் திடீரென்று தன்னைப் பற்றி நல்லவிதமாகப் பேசு என்றால் அது நெளியும். அந்த வளர்ப்பை மாற்ற வேண்டியதில்லை. "நான் நன்றாக ஆடுவேன்" என்பதைவிட, "புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அடவு சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு" என்பது எளிது. புகழ்ச்சியே இல்லை, நடந்ததைத்தான் சொல்கிறது. பெரியவர்கள் முன் தலை குனிவது இன்னொன்று. நமக்கு அது மரியாதை, அந்த அறையில் பயமாகத் தெரியும். கண்ணை நேராகப் பார்க்க முடியாவிட்டால் புருவத்துக்கு நடுவில் பார்க்கட்டும். "ஏன் இந்தப் பள்ளி?" என்றதும் "அப்பா சொன்னார்" என்பது மூன்றாவது. பள்ளியைச் சுற்றிப் பார்க்க விடும் திறந்த இல்ல நாளில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், அது தானாக எதன் முன்னால் நின்றது என்று கவனித்து வையுங்கள். அதிலிருந்துதான் சொந்தக் காரணம் கிடைக்கும். வீட்டுக்குப் பக்கம் என்பதும் நியாயமான காரணம்தான், ஆனால் அதை மட்டும் சொன்னால் போதாது.

பலவீனம் என்ன என்ற கேள்விக்கு, "எல்லாவற்றையும் கச்சிதமாகச் செய்ய நினைப்பேன்" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். அதை அவர்கள் நிறையக் கேட்டிருப்பார்கள். இரண்டு புள்ளி தொடர்ந்து போனால் அவசரப்பட்டு சர்வீஸ் போட்டுவிடுவேன், இப்போது ஒருமுறை மட்டையின் கைப்பிடியைத் துடைத்துவிட்டுத்தான் போடுகிறேன். இந்த அளவு உண்மையாக, இந்த அளவு சின்னதாக இருந்தால் போதும். புத்தகம் பற்றிய கேள்விக்குக் கடைசிப் பக்கம் வரை படித்த புத்தகத்தையே சொல்ல வேண்டும். தமிழ்ப் புத்தகமானாலும் தயக்கம் வேண்டாம்.

குடும்பம் பற்றிய கேள்வியில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. பெற்றோர் பிரிந்திருக்கலாம், வீட்டில் ஒருவர் இறந்திருக்கலாம், பண நெருக்கடி இருக்கலாம். எவ்வளவு சொல்வது என்பது பிள்ளையின் உரிமை. "வீட்டில் நானும் அம்மாவும் பாட்டியும் இருக்கிறோம்" என்ற ஒரு வரி முழுமையான பதில். இரக்கம் கிடைக்கும் என்று சோகத்தைச் சொல்லவைப்பது பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. அறைக்குள் அழுதுவிட்டால் அப்புறம் தன் திறனைப் பற்றிப் பேச அதற்குத் தெம்பு இருக்காது.

குழுவாகக் கேட்டால் மற்றவர் பேசும்போது அவர்களைப் பார்க்க வேண்டும். "எனக்கும் அதேதான்" என்று நிறுத்தாமல் தன்னுடைய ஒரு விவரத்தைச் சேர்க்க வேண்டும். கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேட்கலாம். "கொஞ்சம் யோசித்துச் சொல்லட்டுமா?" என்பதும் தவறில்லை. இணையவழி என்றால் கேமராவைக் கண் உயரத்தில் வையுங்கள். திரையைச் சுற்றிக் குறிப்பு ஒட்டினால் கண் அலைவது அப்படியே தெரியும். பெற்றோர் அதே அறையில் இருக்கக் கூடாது, பிள்ளை ஒவ்வொரு பதிலுக்கும் உங்கள் முகத்தைத் தேடும். கடைசியில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். பயிற்சி வாரத்தில் எத்தனை நாள், உயர்நிலை 1 மாணவர்களுக்கு என்ன சொல்லிக் கொடுப்பீர்கள் என்று உண்மையாகத் தெரிந்துகொள்ள விரும்புவதைக் கேட்கட்டும்.

வெளியே வந்ததும் எம்ஆர்டி ரயிலில் வைத்து விசாரிக்காதீர்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, கேட்ட கேள்விகளை மட்டும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். இன்னொரு பள்ளியும் அழைத்திருந்தால் பல கேள்விகள் திரும்ப வரும். முடிவுகள் செப்டம்பர் வாக்கில் தெரிந்துவிடும்: உறுதியான இடம், காத்திருப்புப் பட்டியல், அல்லது இல்லை. இடம் கிடைத்தால் அக்டோபரில் விருப்ப வரிசையை இணையவாசலில் பதிய வேண்டும். இறுதி முடிவு பிஎஸ்எல்இ முடிவுகளோடு நவம்பரில் வரும். டிஎஸ்ஏ மூலம் இடம் உறுதியாகிவிட்டால் வழக்கமான உயர்நிலை 1 சேர்க்கையில் வேறு பள்ளியைத் தேர்ந்தெடுக்க முடியாது, பின்னால் மாற்றிக்கொள்ளவும் முடியாது. வரிசையைப் பதிகிற அன்று பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுவிட்டே பொத்தானை அழுத்துங்கள்.