பொடக்காளிக்கு வந்த கேஜ் கோழிகள்

நாமக்கல் வட்டாரத்தில் முட்டைக்கோழிக்கு எழுதி வைத்த ஆயுசு 72 வாரத்திலிருந்து 80 வாரம். சில பண்ணைகளில் இன்னும் கொஞ்சம் இழுப்பார்கள். 18, 20 வாரத்தில் முட்டை வைக்க ஆரம்பிக்கிற கோழி வருஷத்துக்கு 300-க்கு மேல் வைத்துக் கொடுக்கும். தின்கிற தீவனத்துக்கு முட்டை கட்டுப்படியாகாத நாள் வந்ததும் கறிக்கு லாரி ஏறிவிடும். பேப்பரில் முட்டை விலைக்குப் பக்கத்தில் முட்டைக்கோழி கிலோ இவ்வளவு என்று போடுகிறார்களே, அது இவற்றின் விலைதான்.

அப்படி லாரி ஏற இருந்த ஆறு கோழிகளை, தை மாதக் கடைசியில் தெரிந்தவர் பண்ணையிலிருந்து வாங்கி எங்கள் பொடக்காளிக்கு (வீட்டின் பின்பக்க வெளி) கொண்டு வந்தோம். எல்லாம் பி.வி.300, வெள்ளை லெகார்ன் வகை. பண்ணைக்காரருக்கு நான் கேட்டதே புரியவில்லை.

"ஏனுங்க அம்மிணி, வளக்கறதுக்குன்னா சந்தையில நல்ல நாட்டுக்கோழியா கெடைக்குமே. இதைக் கொண்டுபோய் என்ன பண்ணப் போறீங்க?"

"சும்மா வளக்கலாமுன்னுதானுங்க."

"முட்டைக்குங்களா?"

"வெச்சா வெக்கட்டுமுங்க."

அவர் சிரித்துவிட்டு எடை போட்டார். கிலோ கணக்கில் காசு வாங்கிக்கொண்டார், அதில் எனக்கு வருத்தமில்லை. கிளம்பும்போது அரை மூட்டை லேயர் தீவனத்தை (முட்டைக்கோழித் தீவனம்) வண்டியில் ஏற்றிவிட்டு, "தீவனத்தை மட்டும் உடனே மாத்திராதீங்க, தாங்காது" என்றார். போட்டிருந்த தடுப்பூசிகளையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். இத்தனை மாதத்தில் எனக்குக் கிடைத்த யோசனைகளில் உருப்படியானது அந்தத் தீவனப் பேச்சுதான்.

பிடிக்கும்போது காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கேஜில் (கம்பிக் கூண்டில்) இருந்த கோழிக்கு எலும்பு அவ்வளவு லேசு. ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் வேண்டும். தீவனத்தில் கிடைப்பது போதாத நேரத்தில் உடம்பு எலும்பைக் கரைத்துத்தான் ஓடு கட்டும். ஒரு வருஷத்துக்கு மேலாக அப்படிக் கட்டி, நடக்கவும் பறக்கவும் இடமில்லாமல் நின்ற கோழியின் இறக்கை எலும்பு, பிடித்த பிடியில் முறியக்கூடும். இரண்டு கையாலும் உடம்போடு சேர்த்து அணைத்துத் தூக்கினோம். வெயில் ஏறுமுன் வீடு வந்து சேர்ந்தாயிற்று.

கூடையைத் திறந்துவிட்டால் ஓடும் என்று பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஒன்றும் ஓடவில்லை. ஆறும் ஒரே மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. பொடக்காளி முழுக்கக் காலியாகக் கிடக்க, அவை நின்ற இடம் ஒரு கேஜ் அகலம்தான் இருக்கும். ஒரு ஏ4 தாளின் பரப்பு சுமார் 620 சதுர சென்டிமீட்டர். நம் நாட்டில் 2023-இல் வந்த விதிகள் கேஜில் ஒரு கோழிக்குக் குறைந்தபட்சம் 550 சதுர சென்டிமீட்டர் இடம் என்கின்றன, அந்தத் தாளைவிடக் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் வெறும் கம்பிக் கூண்டையே 2012 ஜனவரி முதல் தடை செய்துவிட்டார்கள். அங்கேயும் அதற்கு முன் இருந்த அளவு இதே 550தான்.

பார்க்கவும் லட்சணமாக இல்லை. கழுத்திலும் நெஞ்சிலும் இறகு இல்லை, வாலில் குச்சி குச்சியாக மிச்சம். கொண்டை வெளிறி, பெரிதாகி, ஒரு கண்ணை மறைத்துத் தொங்கியது. நகம் வளைந்து நீண்டிருந்தது. குஞ்சுப் பருவத்திலேயே அலகு நுனியை வெட்டிவிடுவதால் மேல் அலகு குட்டை. சிமெண்ட் தரையில் கிடக்கும் தானியத்தை அதனால் பொறுக்க முடியாது. ஆழமான சட்டியில் தீவனத்தைப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசறி வைத்தால் வாரித் தின்கின்றன.

தண்ணீர்தான் முதல் நாள் தலைவலி. பண்ணையில் நிப்பிளை (கொத்தினால் தண்ணீர் சொட்டும் குழாய் முனை) கொத்திக் குடித்தே பழகியவை. தட்டில் தண்ணீர் வைத்தால் அது என்னவென்றே தெரியவில்லை. தாகத்தில் வாயைப் பிளந்துகொண்டு தட்டுக்குள்ளேயே நின்றன. ஒரு பக்கெட்டின் அடியில் இரண்டு நிப்பிள் பொருத்தித் தொங்கவிட்டேன். சிவப்பு மூடியைப் பார்த்ததும் ஒன்று வந்து கொத்தியது, மற்றவை பின்னாலேயே வந்தன. தட்டையும் பக்கத்திலேயே வைத்திருந்தேன். விரலால் தண்ணீரைத் தட்டித் தட்டிக் காட்ட, ஓரிரு நாளில் அதையும் பிடித்துக்கொண்டன. புதிதாகக் கொண்டுவருகிறவர்கள் நிப்பிள் இல்லாமல் கூப்பிட்டு வராதீர்கள், அதுவும் நம் ஊர் வெயிலில்.

பொழுது சாய்ந்தால் கூட்டுக்குள் போகவேண்டும் என்பதும் தெரியாது. பண்ணையில் காலையும் மாலையும் விளக்குப் போட்டு 16 மணி நேரம் வெளிச்சம் காட்டியிருப்பார்கள். இருட்டுவதைப் பார்த்து அடைகிற வேலையே அவற்றுக்கு இருந்ததில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டன. கீரியும் மரநாயும் சுற்றுகிற இடம் இது. ஒவ்வொன்றாகத் தூக்கிக் கூடாப்புக்குள் விட்டோம். சில வாரம் மாமியாருக்கு அதே வேலை. "ஆறு பேத்திய வளத்த மாதிரி இருக்குது" என்பார். பிறகு மகாராணி என்று பெயர் வைத்திருந்த கோழி ஒரு சாயங்காலம் தானாக உள்ளே போனது. மற்றவை அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. உள்ளே மூங்கில் கழியை ஒரு முழத்துக்கும் குறைந்த உயரத்தில்தான் கட்டியிருக்கிறேன். உயரத்தில் கட்டினால் ஏறிவிடும், இறங்கும்போது நெஞ்செலும்பு அடிபடும்.

இந்த அனுபவத்தில் நான் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தது புழுதிக் குளியல். முருங்கை மரத்தடியில் மண்ணைக் கொத்தி, சலித்த அடுப்புச் சாம்பலும் வேப்பிலைத் தூளும் கலந்து வைத்திருந்தேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மொட்டச்சி (கழுத்தில் ஒரு இறகுகூட இல்லாததால் அந்தப் பெயர்) முதலில் அலகால் மண்ணைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு உட்கார்ந்தாள். மிச்சமிருந்த இறகையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, காலால் மண்ணைக் கிளறி முதுகில் போட்டாள். இன்னொரு பக்கம் புரண்டாள். கண் பாதி மூடிவிட்டது. ஒரு கால் பின்னால் நீட்டியபடி அப்படியே கிடந்தாள். செத்துவிட்டது என்று சின்னவன் கத்திக்கொண்டு ஓடி வந்தான். கடைசியில் எழுந்து ஒரு உதறு உதறினாள் பாருங்கள், என் முகமெல்லாம் சாம்பல். கேஜில் இருக்கும்போதும் கோழிகள் கம்பித் தரைமேல் வெறுமனே இந்த அசைவுகளைச் செய்து பார்க்கும். மண் இல்லாமலே குளிக்கும். உடம்பில் அந்தப் பழக்கம் அழியாமல் இருந்திருக்கிறது. இப்போது செல்லுத் (கோழிப்பேன்) தொல்லைக்கும் இந்தக் குளியலே பாதி மருந்து.

மாசி மாதம் ஊருக்குள் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் போட்டார்கள். கால்நடைத் துறை வருஷா வருஷம் இரண்டு வாரம் இலவசமாக நடத்துவது. பண்ணையில் ஏற்கனவே போட்டிருந்தாலும் தொடர்ந்து போடச் சொன்னார் மருத்துவர். அவர் சொன்ன இன்னொன்று எனக்குப் புதுசு. கம்பிமேல் வாழ்ந்த கோழிக்கு எச்சம் கீழே விழுந்துவிடும், அதனால் மண்ணிலிருந்து வரும் குடற்புழுவும் ரத்தக்கழிச்சலும் அவ்வளவாக அண்டாது. மண்ணில் இறங்கியதும் இரண்டையும் முதல் முறையாகச் சந்திக்கிறது. எச்சத்தைத் தினமும் கவனிக்க வேண்டும், புழு மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. கூடாப்பில் உமி ஈரமானால் அன்றே மாற்றிவிடுகிறோம். பக்கத்து வீட்டு நாட்டுக்கோழிகளோடு உடனே கலக்காமல் வலைக்கு இந்தப்பக்கம் தனியாக வைத்திருந்ததும் அவர் பேச்சைக் கேட்டுத்தான். பண்ணைக் கோழி வெளியே தெரியாமல் சளி நோயைச் சுமந்து வரலாம்.

பங்குனியில் முட்டை குறைந்தது, பிறகு அடியோடு நின்றது. இறகு கொட்டியது. ஏற்கனவே மொட்டை, இதில் இன்னும் கொட்டினால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? "சீக்குக் கோழியை வாங்கிட்டு வந்துட்டீங்களே" என்றார்கள். சீக்கு இல்லை. விளக்கு வெளிச்சம் போய் நம் ஊர்ப் பகல் மட்டும் கிடைத்ததும் உடம்பு முட்டையை நிறுத்திவிட்டு இறகு கட்டப் போய்விடுகிறது. குளிர் தேசத்தில் மொட்டைக் கோழிக்குக் கம்பளிச் சட்டை பின்னிப் போட்டவர்கள் உண்டு. நமக்குக் கவலை வேறு, வெறும் தோலில் சித்திரை வெயில். பச்சை நிழல் வலை கட்டினோம், மதியத்தில் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டோம், தீவனம் போடுகிற நேரத்தை விடியற்காலைக்கும் சாயங்காலத்துக்கும் மாற்றினோம். வைகாசியில் கழுத்தில் நீல நிறக் குருத்து குருத்தாக முளைத்தது. ஆடிக் காற்றுக்குள் ஆறில் ஐந்துக்கு வெள்ளை வெளேரென்று புது இறகு. கொண்டை சிவந்துவிட்டது. காலில் கலர் வளையம் இல்லாவிட்டால் எது எதுவென்று எனக்கே தெரியாது.

ஆறாவது, ஊமை என்று நாங்கள் கூப்பிட்ட கோழி. இறகு விழுந்தும் முளைக்காமல் இருந்தது. வயிறு உப்பி, நேராக நிமிர்ந்து தள்ளாடி நடந்தாள். கருமுட்டை குழாயில் இறங்காமல் வயிற்றுக்குள் விழுந்து சீழ் கோத்துவிட்டது என்றார் மருத்துவர். நீரை உறிஞ்சி எடுத்து, மருந்தும் கொடுத்தார். சில நாள் தீவனம் எடுத்தாள், பிறகு இல்லை. காட்டுக்கோழி வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டை வைக்கும். இவற்றை 300-க்கு இழுத்துப் பிடித்திருக்கிறோம், முட்டைக்குழாய் எத்தனை நாள் தாங்கும்? இந்தக் கோழிகளை எடுக்கிறவர்கள் இதற்குத் தயாராக இருக்க வேண்டும். அன்பாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருஷம் இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொஞ்ச காலம் நன்றாக இருக்கும், அதற்காகத்தான் கொண்டுவருகிறோம்.

தீவன விஷயத்தில் வீட்டில் சண்டையே வந்தது. "அரிசியும் கம்பும் போட்டா தின்னுட்டுப் போகுது, எதுக்கு மூட்டைத் தீவனம்" என்று மாமியார். நாட்டுக்கோழிக்குச் சரி, மேய்ந்து பூச்சி புழு தேடிக்கொள்ளும், முட்டையும் கொஞ்சம்தான். இவை மறுபடி வாரத்துக்கு மூன்று நான்கு என்று வைக்க ஆரம்பித்துவிட்டன. அரிசியால் வயிறு நிறையும், கொழுப்பு ஏறும், ஓடு கட்ட ஒன்றும் இருக்காது. தோல்முட்டை (ஓடில்லாத முட்டை) விழுந்தால் அதுதான் காரணம். கோழி ஒன்றுக்கு நாளுக்கு 110 கிராம் லேயர் தீவனம், அதற்கு மேல் ஒரு கைப்பிடி கம்பும் கீரையும் என்று சமாதானம் ஆகியிருக்கிறது. கிளிஞ்சலை உடைத்துத் தனிச் சட்டியில் சாயங்காலம் வைக்கிறேன். ஓடு கட்டுகிற வேலை பெரும்பாலும் ராத்திரியில் நடக்கிறது. கரடுமுரடான துண்டு, தீனியை அரைக்கும் கற்குடலில் தங்கி மெதுவாகக் கரைந்து விடியும்வரை கால்சியம் கொடுக்கும். மாவாக அரைத்துப் போட்டால் சீக்கிரம் கரைந்து போய்விடும்.

ஆடி நோம்பி சமயத்தில் இன்னொரு பண்ணையில் கழிக்கிறார்கள் என்று சேதி வந்து எட்டுக் கோழிகள் எடுத்தோம். அத்தனையும் வைத்துக்கொள்ள இடமில்லை, வேறு வீடு பார்க்க வேண்டும். பிரிட்டனில் இதற்கென்றே 2005-இல் ஆரம்பித்த அறக்கட்டளை இருக்கிறது. முன்பதிவு செய்தவர்கள் குறிப்பிட்ட நாளில் வந்து கோழியை வாங்கிப் போகிறார்கள். நம் பக்கம் கோழி தருகிறேன் என்று சொன்னால் என்ன ஆகும்? உறவுக்காரர் ஒருவர் அன்றைக்கே போன் போட்டார்.

"ரெண்டு குடு கண்ணு, நோம்பிக்கு மாப்பிள்ளை வராரு."

"கொழம்புக்கு இல்லீங்க மாமா, வளக்கறதுக்கு."

"வளத்துட்டு அப்பறம்?"

அப்புறம் என்பதற்கு என்னிடம் பதில் இருந்தது, அவருக்கு அது பிடிக்கவில்லை. அவருக்குக் கொடுக்கவில்லை. நானும் அசைவம் சாப்பிடுகிறவள்தான், அடுத்தவர் குழம்பைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் செல்லமாக வைத்துக்கொள்ளக் கொடுக்கும் கோழி வேறு. இப்போது கேட்கிறவர்களிடம் நேராகவே கேட்டுவிடுகிறேன்: முட்டை நின்ற பிறகும் தீவனம் போடுவீர்களா? இரண்டாவது, நாய் இருக்கிறதா, ராத்திரி எங்கே அடைப்பீர்கள்? ஒற்றைக் கோழி யாருக்கும் கிடையாது, குறைந்தது இரண்டு. மாடி வீட்டுக்காரர்களிடம், முட்டை வைத்ததும் இது ஊருக்கே கேட்கிற மாதிரி கொக்கரிக்கும் என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். குஞ்சு பொரிக்குமா என்று கேட்பவர்களுக்கு: சேவல் இல்லை, இருந்தாலும் இந்த வகை அடை உட்காருவது அபூர்வம்.

சேலத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் தம்பதி மூன்று எடுத்துக்கொண்டார்கள். ராசிபுரம் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மூன்று போயிருக்கின்றன. மிச்சம் இரண்டும் எங்களிடமே தங்கிவிட்டன. மகாராணி அவற்றைத் தீவனச் சட்டிப் பக்கம் விடுவதில்லை, அதனால் தூரத்தில் இரண்டாவது சட்டி வைத்திருக்கிறேன். கொடுக்கும்போது ஒரு வாரத் தீவனம், உடைத்த கிளிஞ்சல், நிப்பிள் பொருத்திய சின்ன பக்கெட், தடுப்பூசித் தேதி எழுதிய சீட்டு எல்லாம் சேர்த்தே கொடுக்கிறேன். ஐப்பசி மழைக்குள் கூடாப்புக்கு மேற்குப் பக்கம் தகரம் அடிக்க வேண்டும், போன வாரச் சாரலில் உமி முழுக்க நனைந்துவிட்டது. அது முடிந்தால்தான் அடுத்த பண்ணைக்காரருக்குப் பதில் சொல்ல முடியும். அவர் பத்துக் கோழி தருகிறேன் என்கிறார்.