திருட்டு வீடியோவை எடுக்க நாங்கள் பட்ட பாடு

அப்பார்ட்மெண்டில் கேமரா இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். எங்களுக்கும் எட்டு கேமரா இருந்தது.

நாகர்கோவிலில் எங்கள் கட்டிடத்தில் 24 வீடு. கோட்டாறு சவேரியார் திருவிழாவில் தேர்ப்பவனி நடந்த இரவு, பாதிப்பேர் கோயிலில் இருந்தோம். வாட்ச்மேன் அண்ணாச்சியும் லீவு கேட்டுப் போயிருந்தார். மாற்றாள் போட வேண்டும் என்று செயலாளராக இருக்கும் எனக்கே தோன்றவில்லை. விடியற்காலை மூன்றாம் மாடித் தங்கச்சி பார்க்கிங்கில் இருந்து போன் பண்ணினாள். "அண்ணே, வண்டியக் காணல." ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் நர்ஸ் அவள். புது ஸ்கூட்டர், ஆறு தவணைதான் கட்டியிருக்கிறாள்.

கேமராவைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று தைரியம் சொல்லிவிட்டுக் கரண்ட் ரூமைத் திறந்தேன். கேமரா காட்சிகளைப் பதிவு செய்யும் பெட்டியான டிவிஆர் பாஸ்வேர்டு கேட்டது. எனக்குத் தெரியாது. முந்தைய செயலாளருக்கும் தெரியாது, மாட்டிய கடைப் பையனுக்குத்தான் தெரியுமாம். கடைக்குப் போனால் அந்தப் பையன் துபாய் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. "ரீசெட் பண்ணி ஹார்ட் டிஸ்க்க ஃபார்மேட் அடிச்சிருவோம் சார், எல்லாம் சரியாயிரும்" என்றார் கடைக்காரர். நான் சரி சொல்லியிருப்பேன். கூட வந்த நான்காம் மாடிக் காலேஜ் பையன்தான் தடுத்தான். ஃபார்மேட் அடித்தால் பதிவானது எல்லாம் போய்விடும். அவனே பெட்டியின் சீரியல் நம்பரைப் படம் எடுத்து, வாங்கிய பில்லோடு கம்பெனிக்கு அனுப்பி, சாயந்திரத்துக்குள் புது பாஸ்வேர்டு போட வழி வாங்கிவிட்டான். அந்தப் பில் என் பீரோவில் இருந்ததுதான் எங்கள் அதிர்ஷ்டம்.

திறந்தது. திருவிழா தேதியைப் போட்டுத் தேடினால் ஒன்றுமே இல்லை. அப்புறம்தான் திரையின் ஓரத்தைப் பார்த்தோம், வருடம் 2000 என்று ஓடிக்கொண்டிருந்தது. டிவிஆருக்குள் கடிகாரத்துக்கென்று ஒரு வட்ட பேட்டரி உண்டு, கைக்கடிகாரத்தில் போடுவது மாதிரி. அது செத்துவிட்டால், கரண்ட் போய் வரும்போது தேதி பழையபடி ஆரம்பத்துக்குப் போய்விடும். வீடியோ எங்கேயும் போகவில்லை, தப்பான தேதியில் கிடந்தது. இப்படி ஆனால் உடனே நேரத்தைச் சரிசெய்துவிடாதீர்கள். டிவிஆர் திரையையும் பக்கத்தில் சரியான நேரம் காட்டும் போனையும் சேர்த்து ஒரு படம் எடுங்கள். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கணக்குப் போட்டால் நிஜ நேரம் கிடைத்துவிடும். அந்தப் படம் பிறகு ஸ்டேஷனிலும் உதவியது. தாமதமும் கூடாது. டிஸ்க் நிறைந்ததும் பழையதை அழித்து அதன் மேலேயே எழுதும், எங்களுடையதில் பத்து நாள்தான் நிற்கும்.

கேட் கேமராவில் இரவு முழுக்க ஒரே வெள்ளை. மறுநாள் ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். கண்ணாடிக்கு முன்னால் சிலந்தி வலை, அதில் பூச்சிச் சிறகுகள், மழையில் நனைந்து ஒட்டிப்போயிருந்தது. கேமராவின் இரவு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வரும், அந்த ஒளி வலையில் பட்டுத் திரும்பினால் படம் வெளுத்துவிடும். கட்டை விரலால் ஒரு தடவை துடைத்தேன், போய்விட்டது. ஒரு விரல் துடைக்கிற வேலையை ஒரு வருடமாக யாரும் செய்யவில்லை. அதை நினைத்தால் இப்போதும் மனது ஆறவில்லை.

ஜெனரேட்டர் பக்கத்து ஐந்தாவது கேமராதான் காப்பாற்றியது. எங்களுக்குப் பின்னால் தென்னைவிளை. 2017 ஓகிப் புயலில் ஒரு தென்னை விழுந்து பின்சுவர் உடைந்தது. அப்போதைக்கு என்று இடுப்பளவுக்குக் கல் அடுக்கியதோடு நின்றுவிட்டது. அந்த இடத்தில்தான் ஆள் காலைத் தூக்கிப் போட்டு உள்ளே வருகிறான். நேரம் 2.40. வண்டியை உருட்டிக்கொண்டு முன்கேட்டுக்குப் போகிறான். கேட்டுக்குப் பூட்டு இல்லை, கொண்டி மட்டும்தான்.

இனி ஸ்டேஷன். முதல் நாளே தங்கச்சியோடு போனேன். உங்கள் தெரு எங்கள் எல்லையில் வராது என்றார்கள். அடுத்த ஸ்டேஷனுக்குப் போனால், "இல்லையே, அங்கதான் வரும்" என்று திருப்பி அனுப்பினார்கள். அவள் நைட் டியூட்டிக்குப் போக வேண்டியவள், சாப்பிடாமல் அலைந்தாள். இரண்டாம் மாடி வக்கீல் அக்காதான் சொன்னார்கள்: குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்க வேண்டும், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (பிஎன்எஸ்எஸ்) பிரிவு 173 அதைத்தான் சொல்கிறது. மறுநாள் அதைத் தாளில் எழுதிக்கொண்டு போய் மரியாதையாகவே கேட்டோம். வாங்கிக்கொண்டார்கள். முதலில் மனு ரசீதுதான் தந்தார்கள். இன்சூரன்ஸுக்கும் தவணைக் கம்பெனிக்கும் அது போதாது, எஃப்ஐஆர் வேண்டும். அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். ஆர்சி நகலை வண்டி சீட்டுக்கு அடியிலேயே வைத்திருந்ததால் அதற்கும் ஒரு நடை. போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பென்டிரைவில் வீடியோவைக் கொடுத்தபோது, மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுப்பதற்கான சான்றிதழ் கேட்டார்கள். முன்பு 65பி என்று சொல்வார்களே, அதுதான் இப்போது புதிய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 63. படிவத்தில் இரண்டு பகுதி. முதல் பகுதி, கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் கையெழுத்துப் போடுவது. எந்தக் கருவி, என்ன சீரியல் நம்பர், ஃபைலின் ஹாஷ் எண் (ஃபைலுக்குக் கைரேகை மாதிரி, ஃபைலை மாற்றினால் இதுவும் மாறிவிடும்) எல்லாம் எழுத வேண்டும். இரண்டாவது பகுதி நிபுணருக்கு. காப்பி எடுக்கும்போதே ஹாஷ் எண்ணையும் எடுத்துவிட்டால் ஒரு நடை மிச்சம். எனக்கு அது தெரியாமல் இன்னொரு முறை போக வேண்டியதாயிற்று. அன்று இருந்த ரைட்டர் நல்ல மனிதர், பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுத்தார்.

பன்னிரண்டாம் நாள் வண்டி கிடைத்தது. பெட்ரோல் தீர்ந்து ரோட்டோரம் விட்டுப் போயிருக்கிறான். கோர்ட்டில் மனு போட்டு எடுத்தோம். அவள் அதை ஓட்டிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தபோது வாட்ச்மேன் அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்த வாரமே கூட்டம் போட்டோம். இப்போது டிவிஆருக்கு யுபிஎஸ் இருக்கிறது, புது பேட்டரி போட்டாயிற்று, பாஸ்வேர்டு மூன்று பேர் கையில் இருக்கிறது. வாட்ச்மேன் லீவு என்றால் யார் மாற்று என்று பெயர் எழுதி ஒட்டியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒட்டடைக் கம்போடு எட்டு கேமராவையும் ஒரு சுற்று சுற்றி வருகிறேன். அப்படிச் சுற்றும்போதுதான் மாடிப்படித் தீயணைப்பு சிலிண்டர்களையும் கவனித்தேன். நான்கில் மூன்றில் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் இல்லை, சிவப்பில் இருந்தது. நிரப்பக் கொடுத்திருக்கிறோம். உங்கள் மாடிப்படியிலும் அந்த முள் எங்கே நிற்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

பின்சுவருக்கு வீட்டுக்கு 1,500 ரூபாய் என்று பேசியிருக்கிறோம். இரண்டு வீட்டுப் பணம் இன்னும் வரவில்லை. அதற்காகக் காத்திருக்கவில்லை, கொத்தனார் வியாழக்கிழமை வருகிறார்.