மேலூர்ப் பக்கம் எடுத்த படம், விழாவுக்கு டிசிபி

படம் தேர்வானதாகத் தகவல் வந்த கையோடு திரைப்பட விழாக்காரர்கள் கேட்பது டிசிபி. தியேட்டர் சர்வரில் ஏற்றும் டிஜிட்டல் பிரதி. சென்னை லேபுக்குக் கொடுக்கக் காசில்லாவிட்டால் டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளே போதும்; நாங்கள் அதில்தான் போட்டோம். மென்பொருள் பெரிதாகப் படுத்துவதில்லை. படுத்துவதெல்லாம் ஷூட்டிங்கில் கோட்டை விட்டவை.

மதுரையில் வாடகைக்குக் கிடைக்கும் கேமராக்கள் பெரும்பாலும் கல்யாண வீடியோவுக்காக நொடிக்கு 25 ஃபிரேமில் கிடக்கும். முதல் வேலையாக 24க்கு மாற்றுங்கள். 25இல் எடுத்ததை அப்படியே கொடுத்தால் பழைய சர்வர்கள் முரண்டு பிடிக்கும். வேகத்தைக் குறைத்து 24க்கு இழுத்தாலோ 100 நிமிடப் படம் 104 நிமிடத்தைத் தாண்டும், சுருதியும் இறங்கும். திருவிழாக் காட்சியில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது உடனே உறுத்தும். ஷட்டரை 172.8 டிகிரியில் வையுங்கள், அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் 1/50 நொடி ஒளி வாங்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், 1/60 வைத்தால் டீக்கடை ட்யூப்லைட் திரையில் பட்டை பட்டையாக ஓடும்.

1920க்கு 1080 படத்தை ஃபிளாட் எனப்படும் தியேட்டர் சட்டத்தில் (1998க்கு 1080) வைத்தால் இருபுறமும் 39 பிக்சல் கறுப்பு நிற்கும். விட்டுவிடலாம், யாரும் கவனிப்பதில்லை.

அதிக நேரம் தின்பது சப்டைட்டில்தான். நொடிக்கு 15 எழுத்து, அதிகபட்சம் இரண்டு வரி என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை நொடியில் முடிகிற பதிலுக்கு இருபத்திரண்டு எழுத்துதான் கிடைக்கும். பங்காளிச் சண்டையில் இருவர் ஒரே நேரத்தில் கத்தும்போது யாராவது ஒருவர் பேச்சைத் தியாகம் செய்தே ஆகவேண்டும். கதையை நகர்த்துபவரை வையுங்கள், மற்றவர் கோபம் குரலிலேயே புரியும். அரிட்டாபட்டிப் பாறை, உச்சி வெயில், வெள்ளை வேட்டி என்று இருந்தால் வெள்ளை எழுத்து காணாமல் போய்விடும். மெல்லிய கறுப்பு விளிம்பு கொடுத்து, படத்தோடு சேர்த்தே பதித்துவிடுவது நல்லது.

150 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 150 மெகாபிட்) 100 நிமிடம் ஏறக்குறைய 112 ஜிபி வரும். நொடிக்கு 8 ஃபிரேம் ஓட்டும் லேப்டாப்பில் என்கோடிங், அதாவது படத்தை டிசிபியாக மாற்றும் வேலை, முடிய ஐந்து மணி நேரம். கரண்ட் போகிற ஊரில் யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். ஃபைல் பெயரில் தமிழ் எழுத்து வேண்டாம். விழா வற்புறுத்தாவிட்டால் பூட்டும் (என்கிரிப்ஷன்) போடவேண்டாம்: சாவி குறிப்பிட்ட சர்வருக்கும் நேரத்துக்கும் மட்டுமே செல்லும், காட்சி அரங்கு மாறினால் படம் திறக்காது. ஹார்டு டிஸ்க்கை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்தால் பல சர்வர்கள் கண்டுகொள்ளாது. லினக்ஸின் இஎக்ஸ்டி3 முறையில் ஃபார்மேட் செய்யுங்கள்; அதில் கேட்கும் ஐநோடு அளவு 128.

அனுப்பும் முன் ஊரில் ஒரு தியேட்டரில் போட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். காலைக் காட்சிக்கு முன் இடம் கொடுப்பார்கள், ஆனால் சர்வரில் ஏற்றவே நேரமாகும் என்பதால் டிஸ்க்கை முந்தின இரவே ஆபரேட்டர் கையில் கொடுத்துவிடுங்கள். கறுப்பு சாம்பலாக வெளுத்திருந்தால் வீடியோ லெவல் (கறுப்பு, வெள்ளையின் எல்லை அமைப்பு) தவறு. ஸ்டீரியோ மிக்ஸ் என்றால் ஓரத்துச் சீட்டில் உட்கார்ந்து கேளுங்கள். வசனம் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்தே வந்தால், அதை நடுச் சேனலுக்குக் கொண்டுவந்து மறுபடி என்கோட் செய்யவேண்டும்.