மானுக்கும் சேர்த்துத்தான் நட்டோம்

திருகோணமலையில் எங்கள் ஒழுங்கையில் கனடாவில் இருக்கிற ஒரு குடும்பத்தின் வளவு பல வருடமாகப் பூட்டிக் கிடந்தது. 2022 ஜூனில், பொருளாதார நெருக்கடி நேரம், இலங்கை அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்களே, அப்போதுதான் போனில் அனுமதி கேட்டு அந்தக் கேற்றைத் திறந்தோம். ஏழு வீடு, ஒரு கிணறு, மூன்று மண்வெட்டி. பெற்றோல் கியூவில் நிற்காத வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வேலை.

திருகோணமலையில் ஜூன் மாதம் யாராவது தோட்டம் தொடங்குவார்களா? தென்மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று முகத்தில் நெருப்பாக அடிக்கிற நேரம் அது. (வறுத்துச் சாப்பிடுகிற கச்சான், அதாவது நிலக்கடலை, வேறு, இந்தக் கச்சான் வேறு.) எங்களுக்கு மழை ஐப்பசியில்தான், வடகிழக்கு வாடைக்காற்றோடு. அந்த லீவைத் தீர்மானித்தவர்களுக்கு எங்கள் பக்கத்து மழை தெரிந்திருக்காது. சரி, அரிசி விலையும் காஸ் தட்டுப்பாடும் ஐப்பசி வரை காத்திருக்கவா போகின்றன?

கடற்கரை மண், காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்திலேயே காணாமல் போய்விடும். தம்பலகாமத்தில் வயல் செய்து வளர்ந்த பக்கத்து வீட்டு ஆச்சிதான் வழி சொன்னார். பாத்திக்கு அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டையைப் பரப்பி, மேலே சருகும் மாட்டெருவும் போட்டு மண்ணால் மூடினோம். பொச்சு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டெருவுக்கு இந்த ஊரில் என்ன பஞ்சம், ரோட்டிலேயே கிடக்கிறது. 2021 மேயில் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றபோது ஆச்சியின் சொந்தக்காரர்களின் வயல் பட்ட பாட்டையும் அந்த நேரத்தில்தான் சொன்னார். எரு போடுவது நல்லதுதான், ஆனால் ஒரே போகத்தில் மண் பழகிவிடாது என்று அவருக்குத் தெரியும். கொழும்பில் யாரும் அவரைக் கேட்கவில்லை.

பயித்தங்காய் கொடி ஏறத் தொடங்கியதும் மான் வந்தது. எங்கள் ஊர்க் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்களோடு வெளியூர்க்காரர் நின்று படம் எடுப்பார்கள், எங்களுக்கு அவை இரவுக் கள்ளர். ஒரே இரவில் மூன்று பாத்தியும் மொட்டை. கடற்கரையில் கிழிந்த வலை வாங்கி வந்து வேலியாகக் கட்டினோம், விலை ஒரு கட்டு கீரை. அடுத்த வாரம் ஒரு ஆண் மான் கொம்பை வலையில் மாட்டிக்கொண்டு துடிக்க, விடிய நாலு மணிக்கு ஆறு பேர் சேர்ந்து வலையை வெட்டி விட்டோம். இப்போது வலையை இழுத்து இறுக்கிக் கட்டி, வெளியே ஒரு வரிசை கீரையை அவற்றுக்கென்றே விட்டிருக்கிறோம். அதையும் தின்றுவிட்டு உள்ளே எட்டித்தான் பார்க்கின்றன.

சண்டை வராமல் இல்லை. காய் மிஞ்சத் தொடங்கியதும் ஒருவர் தராசும் கொப்பியும் கொண்டு வந்தார், யார் எத்தனை வாளி தண்ணீர் ஊற்றினார்கள், யார் எத்தனை கிலோ எடுத்தார்கள் என்று எழுத. எனக்கு அன்றே பிடிக்கவில்லை. அதுவரை கத்தரிக்காய் கொடுத்த வீட்டிலிருந்து சூடை மீன் வரும், யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. இப்போது நாலு வீடுதான் மிச்சம். கொப்பியும் இல்லை.

விதைதான் பெரிய பாடம். கடையில் வாங்கிய கத்தரி விதை கலப்பினம், முதல் தடவை நன்றாகக் காய்த்தது. அதிலிருந்து நாங்கள் எடுத்த விதையை நட்டால் செடிக்குச் செடி ஒவ்வொரு மாதிரி. அப்புறம் ஆச்சி தன் நாட்டுக் கத்தரி விதையைத் தந்தார். காயைச் செடியிலேயே மஞ்சளாகப் பழுக்க விட்டு, தண்ணீரில் பிசைந்து, மிதக்கிறதை ஊற்றிவிட்டு, அடியில் தங்குகிறதைச் சாம்பலில் புரட்டி நிழலில் காயவைக்க வேண்டும்.

போன மாதம் அப்படி விட்ட நாலு காய்க்குச் சிவப்புத் துணி கட்டி வைத்திருந்தேன். திங்கட்கிழமை பார்த்தால் துணி மட்டும் கீழே கிடக்கிறது. மான் இல்லை, வலை அப்படியே இருந்தது. முன்வீட்டுப் பொடியன் வளவுக்குள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். கறி எப்படி என்று கேட்டேன்.

"ஒரே விதை, அண்ணை. கசப்பு வேற."