கலிபோர்னியா சிறார் வழக்கில் இனப் பாகுபாட்டு மனு: எங்கே இடறும்

ஜார்ஜியாவில் வெள்ளையரைக் கொன்றவருக்கு மரண தண்டனை விழும் வாய்ப்பு, கறுப்பரைக் கொன்றவரைவிட 4.3 மடங்கு அதிகம் என்று ஆய்வே காட்டியது. 1987இல் மெக்கிளெஸ்கி என்ற மரண தண்டனைக் கைதியின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைப் போதுமான ஆதாரமாக ஏற்கவில்லை. ‘உங்கள் வழக்கில் வேண்டுமென்றே பாகுபாடு காட்டினார்கள் என்று நிரூபியுங்கள்’ என்றது. மனதுக்குள் இருப்பதை யாரால் நிரூபிக்க முடியும்? கலிபோர்னியா 2020இல் இயற்றிய இனநீதிச் சட்டம், அதாவது தண்டனைச் சட்டத்தின் 745ஆம் பிரிவு, உள்நோக்கத்தை நிரூபிக்கத் தேவையில்லை என்கிறது. சிறார் வழக்குக்கும், சிறாரைப் பெரியவர்கள் நீதிமன்றத்துக்கு மாற்றும் விசாரணைக்கும் அது பொருந்தும்.

இந்தச் சட்டப்படி பாகுபாட்டைச் சுட்டிப் போடும் மனுவுக்கான வேலை, பிள்ளை கைதான அன்றே தொடங்கிவிடுகிறது. 17 வயதுவரை, காவலில் வைத்து விசாரிக்கும் முன் வழக்கறிஞரிடம் பேச வைத்தாக வேண்டும். பிள்ளையே வேண்டாம் என்றாலும் அதை விட்டுவிட முடியாது. பக்கத்தில் நின்று “நடந்ததைச் சொல்லிடுப்பா” என்று பெற்றோர் சொல்வதுதான் பல நேரம் காரியத்தைக் கெடுக்கும். உள்ளே வைத்திருந்தால், விடுமுறை நீங்கலாக 48 மணி நேரத்தில் குற்ற மனு தாக்கலாக வேண்டும். காவலில் வைப்பது பற்றிய விசாரணை அடுத்த வேலை நாளுக்குள் வரும். அதிலும் வெளியே விடவில்லை என்றால், பொதுவாக 15 நீதிமன்ற வேலை நாட்களுக்குள் முழு விசாரணை.

அவகாசம் குறைவு. அதனால் போலீஸின் உடல்கேமரா பதிவு, கைது அறிக்கை, நன்னடத்தை அதிகாரியின் அறிக்கை மூன்றையும் உடனே கேட்டு வாங்கி, வரி வரியாகப் படிக்க வேண்டும். பிள்ளையை மிருகத்தோடு ஒப்பிடும் சொல்லும், தோற்றத்தையோ பண்பாட்டையோ இழுக்கும் சொல்லும் இனப் பாகுபாட்டு மொழியாகலாம் என்று சட்டமே வரையறுக்கிறது. தேடப்படுபவரின் அடையாளத்தை நடுநிலையாகச் சொல்வது அதில் சேராது. விசாரணையின்போது அப்படி ஒரு சொல் வந்தால் அங்கேயே எழுந்து ஆட்சேபித்துப் பதிவாக்க வேண்டும். தாமதித்தால், உரிமையைக் கைவிட்டதாக நீதிபதி கருத இடமுண்டு.

‘இவனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பெரிய குற்றச்சாட்டு’ என்ற வாதம் இதைவிடக் கடினம். அதே செயலைச் செய்த, அதே பின்னணி கொண்ட மற்ற இனப் பிள்ளைகளின் வழக்குகள் ஒப்பீட்டுக்கு வேண்டும். சிறார் ஆவணங்களோ ரகசியமானவை. ஆகவே முதல் மனு, அரசு வழக்கறிஞரிடமிருந்து தரவு கேட்கும் மனுவாக இருக்க வேண்டும். கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் 2022 யங் தீர்ப்புப்படி அதற்கு நம்பத்தகுந்த உண்மை அடிப்படை இருந்தால் போதும். ‘எல்லா வழக்கும் வேண்டும்’ என்று வலை வீசாமல், குற்றப் பிரிவையும் ஆண்டுகளையும் குறுக்கிக் கேட்பது நல்லது. பெயர்களை மறைத்துத் தரச் சம்மதிப்பதும் உதவும்.

தரவு கைக்கு வந்தபின் முகாந்திரம் காட்டினால் பாகுபாட்டு மனுமீது விசாரணை நடக்கும். அங்கே ‘பாகுபாடு இல்லை என்பதைவிட இருக்கவே வாய்ப்பு அதிகம்’ என்ற அளவுக்கு நிறுவ வேண்டும். மாவட்டப் புள்ளிவிவரத்தை மட்டும் வைத்துக்கொண்டு போனால் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். வென்றால் குற்றச்சாட்டு குறையலாம், கூடுதல் தண்டனைப் பிரிவு நீங்கலாம். வழக்கே தள்ளுபடியாகும் என்று குடும்பத்துக்கு ஆசை காட்ட வேண்டாம்.